பிளாட்பாரத்துக்கு வந்த பல கோடி ரூபாய்க் கார்

சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் மட்டும் என்னிடம் வந்து தயங்கி நின்றான். அவன் அப்பா சாக்கன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாக்குவாதமாம். பென்ட்லி என்ற இங்கிலாந்துக் கார்தான் உலகத்திலேயே உயர்ந்தது என்று தம்பி சொல்லியிருக்கிறான். "போடா, அடியில் அது ஃபோக்ஸ்வாகன்தான். மேலே தோலும் மரமும் ஒட்டி விற்கிறார்கள். இரண்டும் ஒரே பிளாட்பாரம்" என்று அண்ணன் ஒரே போடாகப் போட்டுவிட்டான்.

"மாமா, நீங்கள் வண்டி கட்டும் இடத்தில் வேலை பார்த்தவர்தானே? அண்ணன் சொல்வது நிஜமா? நிஜமென்றால் அது ஏமாற்று வேலை இல்லையா?"

வழியில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, "என்னங்க, கோடீஸ்வரர் காரும் பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டதா?" என்று சிரித்தாள். நமக்குப் பிளாட்பாரம் என்றால் ரயில் நிலையம், இல்லாவிட்டால் நடைபாதைக் கடை. கார் செய்கிறவர்கள் சொல்லும் பிளாட்பாரம் வேறு. பையனுக்குச் சொன்ன பதிலை நம் இதழின் வாசகர்களுக்கும் சொல்லலாமே என்றுதான் இந்தக் கட்டுரை. சங்கத்தில் பாதிப்பேர் வீட்டில் யாராவது ஒருவர் இந்த மோட்டார் தொழிலை நம்பித்தானே புணேக்கு வந்தோம்!

அடித்தளம் என்பது எது?

ஒரு காரின் மேல்தோலையும் கதவுகளையும் இருக்கைகளையும் மனதால் கழற்றி வைத்துவிடுங்கள். மிஞ்சுவது என்ன? தரைத்தகடு, சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு, ஸ்டீயரிங், பிரேக், என்ஜினும் கியர் பெட்டியும் உட்காரும் இடம், மோதினால் நசுங்கி நம்மைக் காப்பாற்றும் முன்பக்க உத்திரங்கள், இவற்றுக்கு இடையே ஓடும் மின்கம்பிகள். இந்தத் தொகுப்பையே தொழிலில் பிளாட்பாரம் என்கிறார்கள். நாம் அடித்தளம் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு காரை உருவாக்கும் செலவில் பெரும்பங்கை விழுங்குவது கண்ணுக்குத் தெரியாத இந்தப் பகுதிதான். அச்சு வார்ப்புகள், மோதல் சோதனைகள், பல லட்சம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது எல்லாமே இதற்குள் அடக்கம். அந்தச் செலவை ஒரே ஒரு காரின் தலையில் ஏற்றாமல் நான்கைந்து கார்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் பாரம் குறைகிறது. கல்யாணச் சமையலில் ஒரே அடுப்பில் வைத்த குழம்பை இரண்டு பந்திக்கும் பரிமாறுவதுபோல.

1990-களில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஃபோக்ஸ்வாகனின் தலைவர் ஃபெர்டினாண்ட் பியேக். கோல்ஃப் என்ற நடுத்தரக் குடும்பக் காரின் அடித்தளத்திலேயே ஆடி ஏ3, ஸ்கோடா ஆக்டேவியா, புதிய பீட்டில் ஆகியவை வந்தன. 1998-இல் ஆடி டி.டி. என்ற அழகான இரண்டு கதவுக் காரும் அதிலிருந்தே வந்தது. இரண்டு கதவும், தாழ்ந்து சரியும் கூரையும் கொண்ட இந்த வகைக் காருக்குக் கூபே என்று பெயர். நம் பையன் கேட்ட பென்ட்லி காண்டினென்டல் ஜி.டி.யும் ஒரு கூபேதான்.

கரூரில் நான் கட்டிய படிக்கட்டு

பென்ட்லிக்குப் போகுமுன் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். அடித்தளம் என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது புத்தகமல்ல.

1980-களின் தொடக்கத்தில், புணேக்கு வருமுன், கரூரில் பேருந்துக் கூடு கட்டும் பட்டறை ஒன்றில் இரண்டு வருடம் இருந்தேன். லாரிக்கும் பேருந்துக்கும் அப்போது ஏறக்குறைய ஒரே சேஸிஸ்தான் வரும். முன்னால் என்ஜின், நீளமாக இரண்டு இரும்புச் சட்டங்கள், நான்கு மூலைகளில் பட்டை வில். அதன்மேல் நாங்கள் தரை போட்டு, சட்டம் எழுப்பி, தகடு அடித்து, இருக்கை வைத்துப் பேருந்தாக்குவோம். மூட்டை ஏற்றும் வண்டிக்காக வகுத்த சட்டம் என்பதால் பேருந்தின் தரை பூமியிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் நிற்கும். மூன்று செங்குத்தான படி ஏறித்தான் உள்ளே போகவேண்டும்.

நான் கை வைத்துக் கட்டிய ஒரு வண்டி எங்கள் ஊர்த் தடத்தில் ஓடியது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் பையன் கட்டின பஸ்ஸு" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு ஒருநாள் ஏறப் போனவர், முதல் படியிலேயே கால் தவறி முழங்காலில் அடிபட்டு விழுந்தார். மஞ்சள் பற்றுப் போட்டுப் படுத்திருந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "ஏங்கண்ணு, படியைக் கொஞ்சம் எறக்கி வெச்சிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

இறக்கத்தான் முடியாது. படியைக் கீழே தொங்கவிட்டால் வேகத்தடையில் இடிக்கும். தரையைத் தாழ்த்தினால் சட்டமும் அச்சும் குறுக்கே வரும். "நான் கட்டினது மேல்பாகம் அம்மா. கீழ்ப்பாகம் என் கையில் இல்லை" என்றேன். உண்மையான பதில்தான். ஆனாலும் சொல்லும்போது நாக்கு கூசியது. அதன்பின் அம்மா துணையில்லாமல் பேருந்து ஏறியதில்லை.

மேலே எத்தனை திறமையைக் கொட்டினாலும் கீழே யாரோ எப்போதோ எடுத்த ஒரு முடிவு நம் கையைக் கட்டிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போவோம்.

க்ரூ ஊரின் நெருக்கடி

இங்கிலாந்தின் வடமேற்கில் க்ரூ என்றொரு ஊர். ரோல்ஸ்-ராய்ஸ், பென்ட்லி கார்கள் இரண்டும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கேதான் தயாராயின. 1998-இல் அந்த நிறுவனம் விற்பனைக்கு வந்தபோது ஃபோக்ஸ்வாகன் 43 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. தொழிற்சாலை கிடைத்தது, பென்ட்லி கிடைத்தது. ஆனால் ரோல்ஸ்-ராய்ஸ் என்ற பெயரைக் கார்களுக்கு வைக்கும் உரிமையோ தனியாக பி.எம்.டபிள்யூ.வுக்குப் போய்விட்டது! 2003 முதல் ரோல்ஸ்-ராய்ஸ் கார் க்ரூவில் தயாராகாது என்று முடிவாயிற்று.

அந்த ஊர்த் தொழிலாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். வீட்டின் மூத்த பிள்ளை தனிக்குடித்தனம் போய்விட்டான். மிச்சமிருந்த பென்ட்லி வருடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் கார்தான் விற்றது. ஆயிரம் காரை நம்பிப் புதிதாக ஓர் அடித்தளம் உருவாக்குவது நடக்கிற காரியமா? ஃபோக்ஸ்வாகன் க்ரூ தொழிற்சாலையைச் செப்பனிட 50 கோடி பவுண்டு செலவிட்டது. அதற்கு ஈடாக, அதிகம் விற்கக்கூடிய ஒரு புதுக் கார் உடனே வேண்டியிருந்தது.

அதே நேரத்தில் ஜெர்மனியில் பியேக் இன்னொரு காரைச் செய்துகொண்டிருந்தார். மெர்சிடிஸ் பென்ஸின் பெரிய காருக்குப் போட்டியாக ஃபோக்ஸ்வாகன் பெயரிலேயே ஒரு நான்கு கதவுக் கார். அதன் பெயர் ஃபேட்டன். ட்ரெஸ்டன் நகரில் கண்ணாடிச் சுவர் கொண்ட தொழிற்சாலை கட்டி 2002-இல் வெளியிட்டார்கள். அதற்கென வகுத்த அடித்தளத்துக்கு டி1 என்று பெயர். க்ரூவுக்கு அதுதான் கிடைத்தது. அதன்மேல் எழுந்ததே 2003-இல் விற்பனைக்கு வந்த பென்ட்லி காண்டினென்டல் ஜி.டி.

ஆகவே பையனின் அண்ணன் சொன்னதில் பாதி நிஜம். மற்றப் பாதியைப் பார்க்க அளவுநாடாவைக் கையில் எடுக்கவேண்டும்.

நீட்டலாம், சுருக்கலாம், ஆனால் ஓரிடத்தைத் தொடமுடியாது

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தைச் சக்கர இடைவெளி என்போம். ஃபேட்டனில் அது 2881 மில்லிமீட்டர். நீளமான இன்னொரு வடிவில் 3001. காண்டினென்டல் ஜி.டி.யிலோ 2745 தான். அதாவது பென்ட்லிக்காரர்கள் 136 மில்லிமீட்டரைக் குறைத்துவிட்டார்கள். கூபேயில் பின் இருக்கைக்காரர் காலை நீட்டி உட்காரவேண்டியதில்லை, ஆகையால் குறைக்க முடிந்தது.

அடித்தளத்தில் மிகச் சுலபமாக நீட்டிச் சுருக்கக்கூடிய பகுதி இந்த நடுப்பகுதிதான். முன் இருக்கைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் வெறும் தரைத்தகடு. பின் சக்கரத்துக்கு அப்பால் உள்ள பெட்டிப் பகுதியையும் மாற்றலாம். அகலத்தையும் ஓரளவு கூட்டிக் குறைக்கலாம்.

தொடமுடியாத இடம் ஒன்று உண்டு. முன் அச்சிலிருந்து ஓட்டுநரின் பெடல் வரை உள்ள தூரம். ஸ்டீயரிங் தண்டு, பிரேக், குளிர்சாதனப் பெட்டி, கியர் பெட்டி நுழையும் சுரங்கம், மோதலைத் தாங்கும் உத்திரம், நூற்றுக்கணக்கான கம்பிகள் எல்லாம் அந்த முழ நீளத்துக்குள் முட்டிமோதிக்கொண்டு இருக்கின்றன. வீட்டில் கூடத்தைப் பெரிதாக்கலாம், திண்ணையை இடிக்கலாம். கிணறும் சமையலறையும் குளியலறையும் சேருகிற மூலையைக் கொத்தனார் தொடப் பயப்படுவார் அல்லவா, அதுபோல. அங்கே ஒன்றை நகர்த்தினால் அடித்தளத்தையே புதிதாகச் செய்த செலவு வந்துவிடும்.

ஒரு காரின் குணமும் முகமும் இந்த முழ நீளத்தில்தான் தீர்மானமாகின்றன.

மூக்கின்மேல் பன்னிரண்டு சிலிண்டர்

டி1 அடித்தளத்தில் பெரிய என்ஜினின் சக்தி நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் போகும். என்ஜின் முன்னால், அதை ஒட்டிப் பின்னால் கியர் பெட்டி. முன் சக்கரங்களுக்கான தண்டுகள் கியர் பெட்டியின் பக்கத்திலிருந்து கிளம்புகின்றன. விளைவு என்ன? முன் அச்சு கியர் பெட்டிக்கு அருகில் அமைந்துவிடுகிறது. கனமான என்ஜினின் பெரும்பகுதி அச்சுக்கும் முன்னால், மூக்கில் போய் உட்காருகிறது.

பன்னிரண்டு சிலிண்டரை அந்தச் சிறிய இடத்தில் எப்படி அடைப்பது? அதற்குத்தான் டபிள்யூ12 என்ற விசித்திர என்ஜின். ஆறு சிலிண்டர்களை 15 டிகிரி கோணத்தில் மாற்றி மாற்றி நெருக்கி ஒரே கட்டியாக வார்த்து, அப்படிப்பட்ட இரண்டு கட்டிகளை 72 டிகிரியில் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒரு பெஞ்சியில் நான்கு பிள்ளைகள் உட்காரும் இடத்தில், ஒருவன் முன்னே ஒருவன் பின்னே என்று ஆறு பேரை உட்கார வைப்போமே, அதே உத்தி. பன்னிரண்டு சிலிண்டர் இருந்தும் என்ஜினின் நீளம் சுமார் அரை மீட்டர்தான்.

ஃபேட்டனில் இந்த என்ஜின் 420 குதிரைசக்தி தந்தது. பென்ட்லியில் இரண்டு டர்போக்களைப் பொருத்தி 560 ஆக்கினார்கள். உச்சவேகம் மணிக்கு 318 கிலோமீட்டர். மழையிலும் பனியிலும் நான்கு சக்கரமும் பிடித்துக்கொள்ளும். காற்று வில்களின்மேல் மிதக்கும். இவை அடித்தளம் கொடுத்த சீதனம்.

சீதனத்தோடு வந்த சுமையும் உண்டு. முதல் காண்டினென்டல் ஜி.டி.யின் எடை 2385 கிலோ. கனமெல்லாம் மூக்கில் இருப்பதால் வளைவில் வேகமாகத் திருப்பினால் கார் திரும்ப மனமில்லாமல் நேராகப் போகப் பார்க்கும். உள்ளே வழிகாட்டும் திரையும் பொத்தான்களும் ஃபேட்டனில் இருந்தவைதான் என்று அன்றைய விமர்சகர்கள் குத்திக்காட்டினார்கள். பொத்தானைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். அச்சு இருக்கும் இடத்தை மாற்ற முடியாது.

தோற்றத்திலும் அது தெரிந்தது. பழைய இங்கிலாந்துக் கூபேக்களில் முன் சக்கரம் மூக்கை ஒட்டி இருக்கும். சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவில் நீண்ட இடம் இருக்கும். குதிரை முன்காலை எட்டி வைத்து நிற்பதுபோன்ற கம்பீரம். இந்தக் காரில் சக்கரம் கதவுக்குக் கிட்டே வந்துவிட்டது. சக்கரத்துக்கு முன்னால் மூக்கு நீண்டது. வடிவமைத்தவர்கள் கூரையைத் தாழ்த்திச் சரித்து, பின் சக்கரத்தின்மேல் தசைபோலத் திரட்சி கொடுத்துக் கண்ணை அந்தப் பக்கம் இழுத்தார்கள். அது மேல்பாகம் கட்டுகிறவனின் சாமர்த்தியம். எனக்கு அவர்கள்மேல் தனி அனுதாபம் உண்டு!

135 மில்லிமீட்டர்

அப்படியிருந்தும் கார் விற்றது. 2007-இல் பென்ட்லி ஒரே வருடத்தில் பத்தாயிரம் கார் விற்றது. க்ரூவில் வேலை நிலைத்தது. ஃபோக்ஸ்வாகன் குழுமம் டபிள்யூ12 என்ஜின் தயாரிப்பையும் அங்கேயே கொண்டுவந்தது. 2024-இல் நிறுத்தும்வரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட என்ஜின்கள் க்ரூவில் உருவாயின. ஆனால் அடித்தளத்தின் முதல் உரிமையாளனான ஃபேட்டன்? 2016-இல் கடை மூடும்வரை 14 வருடங்களில் சுமார் 84 ஆயிரம்தான் தயாராயிற்று. வருடத்துக்கு 20 ஆயிரம் என்று கனவு கண்ட கார் அது. கிரேக்கப் புராணத்தில் ஃபேட்டன் என்பவன் சூரியதேவனின் மகன். அப்பாவின் தேரை ஓட்ட ஆசைப்பட்டு, குதிரைகளை அடக்க முடியாமல் விழுந்தவன். பெயர் வைக்கும்போது யாரும் யோசிக்கவில்லை போலும்.

ஒரே அடித்தளத்தில் பிறந்த இரண்டு கார்களில் ஒன்று தோற்றது, ஒன்று ஜெயித்தது. இரண்டும் ஒன்றேயென்றால் இது எப்படி நடக்கும்? பையனின் அண்ணனுக்கு இது ஒரு கேள்வி.

அடுத்த அத்தியாயம் 2017-இல் தொடங்குகிறது. அந்த வருடம் மூன்றாம் தலைமுறைக் காண்டினென்டல் ஜி.டி.யை அறிவித்தார்கள். 2018-இல் தயாரிப்பு தொடங்கியது. இதுவும் கூட்டு அடித்தளம்தான். பெயர் எம்.எஸ்.பி. 2016-இல் வந்த போர்ஷே பனமேராவோடு பங்கிட்டுக்கொண்டது. ஆனால் இம்முறை ஒரு வித்தியாசம். போர்ஷேயின் தலைமையில் அடித்தளத்தை வகுத்தபோதே பென்ட்லியின் தேவைகளையும் தொடக்கத்திலிருந்து கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். கட்டி முடித்த வீட்டில் வாடகைக்குப் போவது வேறு, அஸ்திவாரம் தோண்டும் நாளில் கூட நின்று "என் அறை இங்கே வேண்டும்" என்று சொல்வது வேறு.

புதிய அடித்தளம் பின்சக்கர ஓட்டத்தை ஆதாரமாகக் கொண்டது. முன் சக்கரத்துக்குத் தேவைப்படும்போது மட்டும் சக்தி போகும். அதனால் முன் அச்சைக் கியர் பெட்டிக்கு அருகிலேயே கட்டிப்போட வேண்டியதில்லை. முன் சக்கரங்கள் 135 மில்லிமீட்டர் முன்னே நகர்ந்தன. ஐந்தரை அங்குலம்கூட இல்லை. உள்ளங்கையை விரித்தால் மறைந்துவிடும்.

அந்த ஐந்து அங்குலம் செய்த மாற்றத்தைப் பாருங்கள். முதல் காரோடு ஒப்பிட்டால் மொத்த நீளம் 4804-இலிருந்து 4850 ஆகச் சற்றே கூடியது. சக்கர இடைவெளியோ 2745-இலிருந்து 2851 ஆகத் தாவியது. மூக்குக்கு முன்னால் துருத்திய பகுதி குறைந்தது. என்ஜின் அச்சுக்குப் பின்னால் நகர்ந்து படுத்தது. எடை 2244 கிலோவாக இறங்கியது. உச்சவேகம் 333 கிலோமீட்டர் ஆனது. திரும்ப மறுத்த மூக்கு திரும்பியது. சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவில் தொலைந்துபோன அந்தக் கம்பீர இடைவெளி திரும்பக் கிடைத்தது. அதே என்ஜின் வம்சம், அதே தொழிற்சாலை, அதே தோலும் மரமும். மாறியது அச்சின் இடம்!

2024-இல் நான்காம் தலைமுறையும் வந்துவிட்டது. டபிள்யூ12 போய், எட்டு சிலிண்டர் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து 782 குதிரைசக்தி தருகின்றன. மின்கலத்தைப் பின்னால் வைத்ததால் எடைப் பங்கீடு முன்னே 49, பின்னே 51 என்றாகிவிட்டது. மூக்குக் கனம் என்ற பழைய குறை தீர்ந்தது. ஆனால் மொத்த எடை 2459 கிலோவாகக் கூடிவிட்டது. ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று கிடைக்கிறது.

அப்படியானால் அது யாருடைய கார்?

பையனின் இரண்டாவது கேள்வி: இது ஏமாற்றா?

பென்ட்லியை 1931-இலேயே ரோல்ஸ்-ராய்ஸ் வாங்கிவிட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் பென்ட்லி என்பது பெரும்பாலும் முகப்பு மாற்றிய ரோல்ஸ்-ராய்ஸ்தான். 1965-இல் வந்த ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷேடோவையும் பென்ட்லி டி-யையும் அருகருகே நிறுத்தினால், முகப்பையும் சின்னத்தையும் பார்த்துத்தான் எது எது என்று சொல்லமுடியும்.

2003-ஆம் வருடக் காரை வரைந்தவர்கள் முன்மாதிரியாகக் கொண்டது 1952-இல் வந்த ஆர்-டைப் காண்டினென்டல் என்ற கூபே. ஏறக்குறைய இருநூறு கார்களே தயாரான அந்தச் சிங்காரக் காரை இன்றும் கொண்டாடுகிறார்கள். அதுவும் தனி அடித்தளத்தில் பிறக்கவில்லை. பென்ட்லியின் சாதாரண ஆர்-டைப் காருக்கும் ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் டானுக்கும் பொதுவான சேஸிஸ் குடும்பத்தில் வந்ததுதான். மேலே கூட்டைக் கட்டியது எச்.ஜே. முல்லினர் என்ற பட்டறை. கரூரில் நாங்கள் செய்ததும் லண்டனில் முல்லினர் செய்ததும் தொழில் அளவில் ஒன்றே என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

ஆகவே கலப்பில்லாத தூய பென்ட்லி இருந்தது, பிறகு ஜெர்மன்காரர் வந்து கெடுத்தார் என்பது பொருந்தாத கதை. பங்கிடுவது குற்றமல்ல. எதைப் பங்கிட்டார்கள், பங்கிட்ட பொருளை வகுத்தபோது நம்மையும் கேட்டார்களா என்பதுதான் கேள்வி.

நம் சாக்கனில்

இது கோடீஸ்வரர் சமாசாரம் மட்டுமல்ல. நம் வீட்டு வாசலிலேயே நடக்கிறது. சாக்கனில் தயாராகும் ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வாகன் டைகுன், ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் நான்கும் 2021, 2022 வருடங்களில் வந்தவை. நான்குக்கும் அடித்தளம் ஒன்றே. எம்.க்யூ.பி. என்ற பெரிய குடும்பத்தை இந்தியாவுக்கென மாற்றியமைத்த வடிவம் அது. 2012-இல் தொடங்கிய எம்.க்யூ.பி. குடும்பத்தில் நீளம், அகலம், சக்கர இடைவெளி எதையும் மாற்றலாம். முன் அச்சிலிருந்து பெடல் வரை உள்ள தூரத்தை மட்டும் மாற்றுவதில்லை. மேலே சொன்ன அதே முழ நீளம்!

இந்திய வடிவத்துக்காக 2019-இல் புணேயிலேயே ஒரு தொழில்நுட்ப மையம் திறந்தார்கள். அடித்தளத்தை இங்குள்ள சாலைக்கும் விலைக்கும் ஏற்ப மாற்றும் வேலையில் நம் ஊர்ப் பொறியாளர்கள் பங்கெடுத்தார்கள். அதே 2019-இல் வந்த டாட்டா ஹாரியரின் அடித்தளம் லேண்ட் ரோவரின் டி8 அடித்தளத்திலிருந்து வகுத்தது. அதுவும் நம் புணேயில் தயாராவதுதான்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி

இந்த வாரம் உங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போங்கள். ஒவ்வொரு காரையும் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன் சக்கர வளைவின் பின் ஓரத்துக்கும் முன் கதவு தொடங்கும் கோட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம்? விரலால், சாணால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். (உரிமையாளரிடம் கேட்டுவிட்டு அளக்கவும்!) முன்சக்கர ஓட்டமுள்ள சிறிய கார்களில் சில விரல் அகலமே இருக்கும். பின்சக்கர ஓட்டமுள்ள பெரிய கார்களில் அது தாராளமாக இருக்கும். பிறகு வெவ்வேறு சின்னம் தரித்த இரண்டு கார்களில் இந்த அளவும் கண்ணாடியின் சரிவும் ஒத்திருந்தால், அவை உறவா என்று அப்பாவிடம் கேளுங்கள். சின்னத்தை மூடிவிட்டுக் காரைப் படிக்கப் பழகுவது நல்ல பாடம்.

முடிவாக

அடுத்த ஞாயிறு பையன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்தான். இருவருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். "பெரியவனே, அடித்தளம் ஒன்று என்று நீ சொன்னது சரி. அதனால் காரும் ஒன்று என்று சொன்னது தப்பு. சின்னவனே, ஏமாற்று என்று நீ பயந்தது தப்பு. ஆனால் அடித்தளம் எங்கிருந்து வந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தால் அதுவும் தப்பு. 2003-இல் பென்ட்லிக்குக் கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 2018-இல் கேட்டு வாங்க முடிந்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் 135 மில்லிமீட்டர்."

பெரியவன் கொஞ்சநேரம் யோசித்தான். அடுத்த வருடம் பொறியியலில் சேரப்போகிறவன். "அப்படியானால் மாமா, அந்த அடித்தளத்தை வரைகிற அறைக்குப் போக என்ன படிக்கவேண்டும்?" என்றான். நான் எதிர்பார்த்த கேள்வி அதுவே. என் தலைமுறையில் நாங்கள் மேல்பாகம் கட்டினோம். கிடைத்த சட்டத்தின்மேல் கிடைத்த இடத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டினோம். இவர்கள் காலத்தில் சட்டம் வரைகிற மேஜைக்கு அருகிலும் நாற்காலி கிடைக்கிறது. அதில் போய் உட்காரவேண்டும்.

சில வருடங்களுக்கு முன் டில்லியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது தாழ்தளப் பேருந்து ஒன்றில் ஏறினேன். 2000-களின் இறுதியில் அங்கே அவை பெருமளவில் வரத் தொடங்கின. என்ஜினைப் பின்னால் தள்ளி, சட்டத்தையே பேருந்துக்கென்று புதிதாக வரைந்தால்தான் தரை அப்படித் தாழ்ந்து வரும். எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மாள், ஒரு கையில் பையோடு, யார் கையையும் பிடிக்காமல் ஒரே எட்டில் உள்ளே போய் உட்கார்ந்தார்.

என் அம்மா அதைப் பார்க்க இல்லை. படியை இறக்க முடியும்தான் அம்மா, கீழிருந்து தொடங்கியிருந்தால்.